மலையூரின் பழைய கட்டடங்கள்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: எங்களுடையது மலைச்சரிவில் இருக்கும் சின்ன ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டும். கடைத்தெருவிலும் அதற்கு மேலே உள்ள சந்துகளிலுமாக நூறு வருடம் தாண்டிய கட்டடங்கள் 30க்கு மேல் இருக்கின்றன. எல்லாம் கல் சுவர், மரக் கூரை. பாதி பூட்டிக் கிடக்கின்றன. போன குளிர்காலத்தில் ஒன்று இடிந்து விழுந்தது. அதிலிருந்து நகர நிர்வாகம் இன்னும் 4 கட்டடங்களை ஆபத்தானவை என்று சொல்லி இடிக்கப் பார்க்கிறது. விடுதி கட்ட வந்திருக்கும் ஒருவர், முன்பக்கச் சுவரை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். சிமெண்டு பூசிப் பழுதுபார்த்த சுவர்கள்தான் இப்போது அதிகமாக உதிர்கின்றன; காரணம் புரியவில்லை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம். எங்கே தொடங்குவது? இன்னொன்றும் உறுத்துகிறது. ஈரத்திலும் குளிரிலும் கஷ்டப்படுகிறவர்களிடம் போய் இடிக்காதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில்: வணக்கம். கடைசியாகக் கேட்டிருக்கிற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கான வழியும் அதற்குள்தான் இருக்கிறது. ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவரிடம் போய் ஊரின் வரலாற்றைப் பேசினால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். அது நியாயம்தான். அவரிடம் வரலாறு பேச வேண்டாம், ஒழுகலை நிறுத்த உதவுங்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். நான் பார்த்தவரையில், ஒரு வீடு இடிபடுவதற்குப் பல வருடம் முன்பே அதில் இருந்த குடும்பம் அலுத்துப்போயிருக்கும். அடுப்படியில் ஓதம், படுக்கையறையில் குளிர், திறக்க முடியாத ஜன்னல். இந்த அலுப்பைத் தீர்க்காமல் எந்தச் சட்டம் போட்டும் ஊரைக் காப்பாற்ற முடியாது. இதைத் தீர்த்துவிட்டால் பாதிப் பேர் தாங்களாகவே உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் தண்ணீர். கல் வீட்டைக் கொல்வது வயது இல்லை, தண்ணீர்தான். அடுத்த கனமழையில் குடை பிடித்துக்கொண்டு நீங்கள் ஏழெட்டுப் பேரும் தெருவில் நடந்து பாருங்கள். வெயிலில் பத்து முறை பார்த்தும் தெரியாதது மழையில் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கூரையின் தண்ணீர் எங்கே விழுகிறது? விளிம்பில் இருக்கும் தகரக் கால்வாய் இலைதழையால் அடைத்துச் சுவர்மேல் வழிகிறதா? கீழே விழுந்த தண்ணீர் சுவரை விட்டு விலகிப் போகிறதா, அடித்தளத்தோடு தேங்குகிறதா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மலையூரில் தனியாகக் கவனிக்க வேண்டியது மேட்டுப்பக்கச் சுவர். சரிவில் இருக்கும் வீட்டுக்குப் பின்னால் வருடக்கணக்கில் மண்ணும் சருகும் சரிந்து சேரும். போதாததற்குத் தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் தரைமட்டம் உயரும். முன்பு வெளியே தெரிந்த இரண்டு அடிச் சுவர் இப்போது மண்ணுக்குள் இருக்கும். உள்ளே நின்று பார்த்தால் சரியாக அந்த உயரம் வரை ஈரமும் உப்புப் பூத்த வெள்ளையும் தெரியும். 'ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது, மருந்து செலுத்த வேண்டும்' என்று யாராவது சொல்லும் முன், அந்த மண்ணை அகற்றிப் பாருங்கள். சுவரை ஒட்டி ஆழமாக ஒரேயடியாகத் தோண்டிவிடக் கூடாது, பழைய அடித்தளங்கள் பெரும்பாலும் ஆழம் குறைவானவை. கொஞ்சம் கொஞ்சமாக மட்டத்தை இறக்கி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, சரளைக் கல் நிரப்பிய ஒரு வடிகாலைச் சரிவோடு வெளியே எடுத்துவிடுங்கள். நனைந்த தடித்த கல் சுவர் காய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை உள்ளே புதுப் பூச்சு பூச வேண்டாம்.

1877இல் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களுடைய அறிக்கை கேட்டதும் இவ்வளவுதான்: அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், ஒழுகும் கூரையைச் சரிசெய்யுங்கள். என் வேலையில் பெரும்பகுதி இன்றும் அதுவேதான்.

இப்போது சிமெண்டு. உங்கள் ஊரில் நடப்பதன் காரணம் இதுதான். பழைய கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தாலோ மண் சாந்தாலோ கட்டப்பட்டிருக்கும். அந்தச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடக்கூடியது. மழையில் நனையும் சுவர் கல்லிடுக்குகள் வழியாகத்தான் பெரும்பாலும் காய்கிறது. சுவர் கொஞ்சம் அசைந்தால் சாந்து விட்டுக்கொடுக்கும், கல் தப்பிக்கும். இன்று நாம் பயன்படுத்தும் சிமெண்டுக்கு முன்னோடியான போர்ட்லண்ட் சிமெண்டு 1824இல் காப்புரிமை பெற்றது. அது வேறு குணம் கொண்ட பொருள். கெட்டியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். அதோடு கரைந்து வரும் உப்பு கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகி அதை உரிக்கும். குளிரூரில் இன்னொரு அடியும் விழும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. சிமெண்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஈரம் இரவில் உறைந்து பகலில் உருகி, மறுபடி உறைந்து, ஒரே குளிர்காலத்தில் கல்லைத் தோல் தோலாகக் கழற்றிவிடும். பூச்சு நன்றாக இருக்கும், பக்கத்துக் கல் குழிந்திருக்கும். போய்ப் பாருங்கள், உங்கள் சுவர்களில் அப்படித்தான் இருக்கும்.

சரி, உடனே உளியை எடுத்துக்கொண்டு எல்லாச் சிமெண்டையும் கொத்தி எடுக்கக் கிளம்பிவிட வேண்டாம். இது என் தவறிலிருந்து சொல்வது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சுவரிலிருந்த சிமெண்டு முழுவதையும் இயந்திரம் வைத்து எடுக்கச் சொன்னேன். சிமெண்டோடு கல்லின் ஓரங்களும் பெயர்ந்து வந்துவிட்டன. அந்த ஓரங்களைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பகுதியைக் கையுளியால் எடுங்கள். இறுகப் பிடித்திருக்கும் பகுதியை விட்டுவிடுங்கள், அது தானாகக் கழன்று வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்து வையுங்கள். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு என்பது தொடங்குவதற்கான அளவு, மணலின் பருமனைப் பொறுத்துக் கூடும், குறையும். மழையும் பனியும் நேராக அடிக்கும் முகங்களுக்கு, ஈரத்திலும் இறுகும் இயற்கை நீரியல் சுண்ணாம்பு ஏற்றது. அதிலும் மென்மையான வகையாகப் பார்த்து எடுங்கள், வலுவான சாந்துதான் நல்ல சாந்து என்ற எண்ணம் இங்கே கைகொடுக்காது.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். சாதாரணச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துத்தான் இறுகுகிறது. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் அந்த வேலையைத் தொடவே கூடாது. இலையுதிர் காலத்தில் அவசரமாகப் பூசி, பச்சையாக இருக்கும்போதே உறைபனி விழுந்தால் வசந்தத்தில் அது தூளாக உதிரும். 'சுண்ணாம்பு பிடிக்காது, சிமெண்டுதான் பிடிக்கும்' என்று கொத்தனார்கள் சொல்வதற்குப் பல நேரம் இந்த அவசரம்தான் காரணம். வெயில் நேரத்தில் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்கவும் வேண்டும். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இந்தக் கைப்பழக்கம் உள்ள வயதான கொத்தனார் யாராவது இருந்தால், அவரை மதித்துக் கூப்பிட்டு வந்து இளையவர்கள் இரண்டு பேரை அவரோடு வேலை செய்ய விடுங்கள். உங்கள் குழு செய்யக்கூடியதிலேயே மதிப்பான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். கைப்பழக்கம் அறுந்துபோனால் அதைப் புத்தகத்திலிருந்து மீட்பது ரொம்பக் கஷ்டம்.

இடிக்கச் சொல்லும் அந்த 4 கட்டடங்களுக்கு வருவோம். நிர்வாகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்று விழுந்திருக்கிறது, நல்லவேளையாக நீங்கள் உயிர்ச்சேதம் எதுவும் எழுதவில்லை, அடுத்தது விழுந்தால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் போய் 'இடிக்காதீர்கள்' என்று மட்டும் சொன்னால் எடுபடாது. 'முட்டுக் கொடுக்கிறோம், வேலி போடுகிறோம், பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளர் ஒருவர் பார்க்கும்வரை அவகாசம் கொடுங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். புதுக் கான்கிரீட் கட்டடங்களிலேயே பழகியவருக்குச் சற்று வளைந்த கல் சுவர் எல்லாமே ஆபத்தாகத்தான் தெரியும்.

விரிசல் இருந்தால் அது உயிருள்ளதா என்று பாருங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து மாதாமாதம் இடைவெளியை அளந்து எழுதினாலும் போதும். ஒரு முழு வருடம் அளக்க வேண்டும், ஏனென்றால் குளிரில் திறந்து வெயிலில் மூடிக்கொள்ளும் விரிசல்கள் உண்டு. அவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மாதந்தோறும் ஒரே திசையில் விரிந்துகொண்டே போவதுதான் கவலைக்குரியது. சுவர் நடுவில் வயிறு தள்ளி, தட்டினால் உள்ளே கூடாக ஒலித்தால் மட்டும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம், அன்றே முட்டுக் கொடுங்கள்.

பழுதுபார்க்கும்போது நல்லெண்ணத்தோடு நடக்கும் ஒரு பெரிய தவறு உண்டு. மரக் கூரையையும் மரத் தளத்தையும் எடுத்துவிட்டு, வலுவாக இருக்கட்டும் என்று கான்கிரீட் தளம் போடுவது. மத்திய இத்தாலியின் மலையூர்களில் இப்படிப் பல கல் வீடுகளைப் பலப்படுத்தியிருந்தார்கள். 1997இல் உம்பிரியா, மார்க்கே பகுதிகளில் நிலம் அதிர்ந்தபோது கனமான தளம் மேலே ஆட, கீழே இருந்த பலவீனமான கல் சுவர் தாங்காமல் சரிந்தது. அதற்குப் பிறகு அங்கே அணுகுமுறையே மாறத் தொடங்கியது. சுவர்களை ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் பிணைப்பதும், உத்திரத்தைச் சுவரோடு கட்டுவதும், பாரத்தைக் குறைப்பதும்தான் நல்லது என்று உணர்ந்தார்கள். இன்னொரு பக்கம், 2005இல் காஷ்மீர் நிலநடுக்கத்தில், மரச் சட்டங்களுக்கு நடுவே சிறு கல்லும் மண்ணும் அடைத்துக் கட்டும் தஜ்ஜி தேவாரி வீடுகள் பல நன்றாகத் தாங்கின. பிறகு பாகிஸ்தானில் வீடுகளைத் திரும்பக் கட்டும் திட்டம் அந்த முறையையே ஏற்றுக்கொண்டது. உங்கள் ஊர்ச் சுவர்களுக்குள் இடையிடையே படுக்கையாக மரம் வைத்திருந்தால் அதைப் 'பழைய கட்டை' என்று எடுத்துவிட அனுமதிக்காதீர்கள். அது அந்தச் சுவரை வரிந்து கட்டியிருக்கும் இடுப்புக் கச்சை. முனை மட்டும் உளுத்திருந்தால் அந்த முனையை வெட்டி, நல்ல மரத்தைச் சாய்வெட்டில் இணைத்தால் போதும். நல்ல தச்சருக்கு அது ஒரு நாள் வேலை.

போன குளிர்காலத்தில் விழுந்த கட்டடத்தின் கற்கள் இன்னும் அங்கேயே கிடக்கின்றனவா? கிடந்தால் தயவுசெய்து லாரியில் ஏற விடாதீர்கள். இத்தாலியின் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் வென்சோனே என்று ஒரு சிற்றூர். 1976 மே மாத நிலநடுக்கம் அதைச் சிதைத்தது, செப்டம்பரில் வந்த அதிர்வுகள் மிச்சத்தையும் தரைமட்டமாக்கின. ஊர்க்காரர்கள் இடிபாட்டை அள்ளிக் கொட்ட விடவில்லை. தேவாலயத்தின் கற்களை ஆயிரக்கணக்கில் பொறுக்கி எடுத்து, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, எண் போட்டு, அவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்கள். 1995இல் அந்தத் தேவாலயம் மறுபடி எழுந்து நின்றது. உங்கள் கட்டடம் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனால் மூலைக்கற்கள், வாசற்படி, ஜன்னல் மேல்கல், முழுதாக இருக்கும் உத்திரங்கள் ஆகியவற்றைப் பிரித்து, எண் எழுதி, கூரை உள்ள இடத்தில் அடுக்கி வையுங்கள். அந்தக் கட்டடம் திரும்ப வராவிட்டாலும் மற்ற 30 வீடுகளின் பழுதுக்கு அதே மலையின் கல் கிடைக்கும். திரும்பக் கட்டுவதாக இருந்தால் 1964இல் உருவான வெனிஸ் சாசனத்தின் ஒரு விதியை நினைவில் வையுங்கள்: புதிதாகச் சேர்ப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும், அதே சமயம் பழையதிலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

விடுதிக்காரர் சொல்லும் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார் என்று சொல்லவில்லை. ஆனால் முன்சுவரை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் எல்லாவற்றையும் எடுத்தால் மிஞ்சுவது ஒரு திரை. குறுக்குச் சுவர்களும் தளங்களும்தான் அந்த முன்சுவரைப் பிடித்து நிறுத்துகின்றன. அவை போனால் அது காலம் முழுக்க இரும்பில் சாய்ந்து நிற்க வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ மலைகளில் சென்ட்ரல் சிட்டி, பிளாக் ஹாக் என்று பழைய தங்கச் சுரங்க ஊர்கள் இரண்டு. பழைய கட்டடங்களைக் காக்கப் பணம் வேண்டும் என்று 1990இல் வாக்கெடுப்பு நடத்தி, 1991 அக்டோபரில் அங்கே சூதாட்ட விடுதிகளை அனுமதித்தார்கள். பணம் வந்தது. ஆனால் நிலத்தின் மதிப்பு ஏறி, ஊர்க்காரர்களுக்கான சாதாரணக் கடைகள் இடம்பெயர்ந்தன. பல கட்டடங்களில் முகம் மட்டும் நிற்க உள்ளே எல்லாம் மாறிப்போனது. காப்பாற்றக் கொண்டுவந்த வழியே ஊரைத் தின்றது. விடுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஐந்தாறை அவர் நீண்ட குத்தகைக்கு எடுத்து, சுவர், தளம், கூரை மூன்றையும் அப்படியே பழுதுபார்த்து விருந்தினர் அறைகளாக நடத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பயன்பாட்டில் இருக்கும் கட்டடத்தில் ஒழுகினால் அன்றே யாராவது பார்ப்பார்கள்.

ஊர்க்காரர்களே தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்ட ஊர்களும் இருக்கின்றன. ஜப்பானின் கிசோ பள்ளத்தாக்கில் உள்ள சுமாகோ பழைய மலைப்பாதையில் ஒரு தங்கல் ஊர். ரயில் வேறு வழியில் போனதும் ஆள் வரத்து நின்று நலிந்துவிட்டது. 1968இல் வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 1971இல் அங்கு வசித்தவர்கள் மூன்றே விதிகளை வைத்துக்கொண்டார்கள்: விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகச் சேர்த்தது அதற்கும் பிறகு, 1976இல்தான். நீங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாடகைக்கு விடக் கூடாது என்பது உங்கள் ஊருக்குப் பொருந்தாது, பாதி வீடு பூட்டிக் கிடக்கிறதே! 'விற்கும் முன் ஊர்க் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்வோம்' என்ற அளவில்கூடத் தொடங்கலாம். மேலே இருந்து சட்டமாக வராமல் அவர்களே பேசி முடிவெடுத்தால் அது நிலைக்கும்.

பூட்டிய வீடுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. உரிமையாளர்கள் வேறு ஊர்களில் இருப்பார்கள், பங்காளிகளுக்குள் தீராத பாகப்பிரிவினை இருக்கும். அது தீரும்வரை வீடு காத்திருக்காது. சொத்தைப் பற்றிப் பேசாமல், 'கூரையின் ஓட்டையை மட்டும் மூடிக்கொள்ளட்டுமா?' என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். அழகாக இல்லாவிட்டாலும் பழைய கூரைமேல் தற்காலிகமாகத் தகரம் போட்டால் வீட்டுக்குப் பத்து வருட ஆயுள் கிடைக்கும். குளிர்காலத்துக்கு முன் தண்ணீர்க் குழாய்களை வடித்துவிடுங்கள், உறைந்த குழாய் வெடித்தால் வசந்தம்வரை யாருக்கும் தெரியாது. மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். ஜன்னல்களைப் பலகையால் அடைத்தாலும் காற்றுப் போக மேலும் கீழும் துளை விடுங்கள். காற்றில்லாத வீட்டில் மரம் சீக்கிரம் உளுக்கும்.

வசிக்கிறவர்களின் குளிருக்கு வருகிறேன். பழைய வீட்டில் இருப்பவர் பழைய காலத்தில் வாழ வேண்டியதில்லை. உள்ளே நல்ல குளியலறை, நல்ல அடுப்படி, புது மின்கம்பி எல்லாம் அவர்கள் உரிமை. குழு அதற்குத் தடையாக நின்றால் அன்றோடு குழுவின் மதிப்புப் போய்விடும். சூட்டில் கணிசமான பங்கு மேலே வழியாக வெளியேறிவிடும். பரணின் தரையில் கம்பளிப் படுகை விரித்தால் அறை சூடாகும். கூரைக்கு அடியில் காற்றோட்டத்தை மட்டும் அடைத்துவிடக் கூடாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டுச் சூடு கூரைக்கு ஏறினால் மேலே பனி உருகி, குளிர்ந்த விளிம்பில் வந்து மறுபடி உறைந்து அணைபோல நிற்கும். அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து ஒழுகும். பரணில் சூட்டைத் தடுத்தால் அந்த ஒழுகலும் குறையும். ஜன்னலை மாற்றச் சொல்லி யாராவது வந்தால் யோசியுங்கள். மெல்ல வளர்ந்த பழைய மரத்தில் செய்த சட்டம், பழுதுபார்த்தால் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் சேர்த்து, இடுக்குகளை அடைத்தால் குளிர் நன்றாகவே குறையும். நார்வேயின் ரோரோஸ் என்ற செம்புச் சுரங்க மலையூரில் மைனஸ் 50 டிகிரி வரை குளிர் பதிவாகியிருக்கிறது. 1644இல் தொடங்கிய செம்பு ஆலை 1977இல் மூடியது, ஆனால் அந்த மர வீடுகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மரக் கூரைகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெரு என்பதால் தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகைபோக்கிகளை வருடம் ஒருமுறை துடைக்கச் செய்யுங்கள், பழைய மின்கம்பிகளைச் சோதிக்கச் சொல்லுங்கள், குளிர்காலத்திலும் உறையாமல் தண்ணீர் தரும் குழாய்முனை எங்கே இருக்கிறது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியட்டும்.

30 கட்டடங்களையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள முடியாது. அழகானதிலிருந்து தொடங்கத் தோன்றும். அதை விட்டுவிட்டு, கூரை போகும் நிலையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். முதல் வருடம் ஒரே ஒரு வீட்டை, ஆள் குடியிருக்கும் சாதாரண வீட்டை, தண்ணீர், சாந்து, பரண் மூன்றும் பார்த்து முழுதாகச் செய்து முடியுங்கள். அடுத்த குளிர்காலத்தில் அக்கம்பக்கத்தார் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

பனி விழ இன்னும் சில வாரம் இருக்குமானால், சுண்ணாம்பு வேலையை இப்போது தொட வேண்டாம், வசந்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூரைக் கால்வாய்களைச் சுத்தம் செய்வது, நழுவிய ஓடுகளைத் திரும்ப வைப்பது, அந்த 4 கட்டடங்களுக்கு முட்டு, விரிசல்களில் கண்ணாடித் துண்டு, இவை மட்டும் இந்த வருடத்துக்குப் போதும். அப்புறம், ஒவ்வொரு கட்டடத்தையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள், பரணிலும் ஏறி எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தெரியட்டும், தேதி எழுதிவையுங்கள். வயிறு தள்ளிய சுவர் ஏதாவது இருந்தால் அதன் படங்களை எனக்கு முதலில் அனுப்புங்கள்.